அறுபதுகளின் உலகப் போராட்டங்கள்: அம்மாவின் 1961 அந்தக் கணக்கில் சேருமா?

உவர்மலையான் கேட்டது:

வணக்கம். ஒரு உதவி வேண்டும். எங்கள் ஒழுங்கையில் மாதத்துக்கு ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி வரலாறு, புத்தகம் என்று கதைப்போம். அமைப்பு கிமைப்பு ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் வீட்டு விறாந்தை, ஒரு கேத்தில் தேத்தண்ணி, அவ்வளவுதான். அடுத்த முறை பேச வேண்டியது நான். வாய் சும்மா இருக்காமல் "அறுபதுகளில் உலகம் முழுக்க ஏன் போராட்டம்? அதில் என்ன மிஞ்சியது?" என்று தலைப்பையும் கொடுத்துவிட்டேன். இப்போது முழிக்கிறேன்.

வாசித்த வரையில் கைக்கு வந்தது இதுதான். 1960 பெப்ரவரியில் அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுண்டரில் போய் உட்காருகிறார்கள். 1964ல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமை கேட்டு மாணவர்கள் கிளம்புகிறார்கள். பிறகு வியட்நாம் போர் எதிர்ப்பு. 1968க்கு வந்தால் தலை சுற்றுகிறது: பாரிஸ், பிராக், மெக்சிக்கோ, மேற்கு பெர்லின், டோக்கியோ, ராவல்பிண்டி. ஒருத்தர் முதலாளித்துவம் ஒழிக என்கிறார், இன்னொருத்தர் சோவியத் டாங்கிக்கு முன்னால் நிற்கிறார். இவர்களை எப்படி ஒரு கடகத்துக்குள் போடுவது? எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதே நாலு காரணம்: போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் தொகை, பல்கலைக்கழகங்கள் பெருத்தது, வியட்நாம், தொலைக்காட்சி. இதை ஒப்புவித்துவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

நேற்று இரவு மேசையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எட்டிப் பார்த்தா. 79 வயது. கிரீன்ஸ்பரோ கதையைச் சொன்னேன். போய் உட்கார்ந்தார்கள், காப்பி கேட்டார்கள், கொடுக்கவில்லை, கடை பூட்டும்வரை எழும்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு "அது எந்த வருசம்?" என்றா. 1960 என்றேன். "நாங்கள் கச்சேரிக்கு முன்னால இருந்தது அடுத்த வருசம். அதை ஏன் எழுதேல்லை?"

அம்மா சொன்னது திருகோணமலைக் கச்சேரியை, அதாவது மாவட்ட அரச அலுவலகத்தை; தனிச் சிங்கள நிர்வாகத்தை எதிர்த்து 1961ல் அதன் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ஆகவே ரெண்டு கேள்வி. அந்த நாலு காரணத்துக்கும் அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா? 1961 சத்தியாக்கிரகத்தை அந்த உலக வரிசையில் வைக்கலாமா, இல்லை நம்ம ஊர் என்பதால் நான் வலிந்து செருகுகிறேனா?


பழைய கிளாக்கர் எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ.

தொலைக்காட்சியை எங்கள் பகுதிக்காவது வெட்டி எறியுங்கோ. இலங்கைக்கு ரீவி வந்தது 1979ல். அமெரிக்க வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வியட்நாம் சண்டையைக் காட்டியது உண்மை, அது அங்கே பெரிய வேலை செய்ததும் உண்மை. இங்கே ரேடியோவும், கொழும்பு மெயில் ரயிலில் வந்து இறங்கும் பேப்பரும்தான். ரீவி இல்லாமலே சனம் கிளம்பியது என்றால் ரீவி காரணம் ஆகாது, பரப்பிய கருவி என்று வைத்துக்கொள்ளலாம்.

1961ல் எனக்குப் பத்து வயது. அப்பா கச்சேரியில் கிளாக்கர். 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் உத்தியோகத்தர் சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு நிற்கும் என்ற நிலை. 1958ல் தமிழின் நியாயமான பாவனைக்கு என்று ஒரு சட்டம் வந்தது. வந்ததே தவிர, அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 வரை வரவில்லை. இடையில் 1961 ஜனவரியில் இருந்து நிர்வாகம் முழுக்கச் சிங்களம். பெப்ரவரி 20 யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகத்தைத் தொடங்க, அது மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. இங்கே எங்கள் எம்.பி. இராஜவரோதயம் முன்னுக்கு நின்றார். தமிழர் மட்டும் இல்லை, கிழக்கில் முஸ்லிம் ஆட்களும் வந்து இருந்தார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது தலைவர்கள் இல்லை, அப்பாவின் பவுண்டன் பேனா. காலையில் வெள்ளைச் சட்டைப் பையில் அதைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போவார். வாசலில் ஆட்கள் இடைவெளி இல்லாமல் இருப்பார்கள். உள்ளே போகலாம், ஆனால் யாரையாவது மிதித்துத்தான் போக வேண்டும். அரை மணித்தியாலம் வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அம்மா "இண்டைக்கும் இல்லையோ?" என்பா. பத்துப் பதினைந்து நாள் எழுதாமல் இருந்து பேனாவில் மை காய்ந்துவிட்டது. கிணற்றடியில் நிப்பைக் கழற்றி வைத்துக் கழுவிக்கொண்டு இருந்தார், நான் வாளி பிடித்தேன். அவர் போராடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. அந்த மாதிரி ஆட்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதமாட்டார்கள்.

ஏப்ரல் 14 யாழ்ப்பாணத்தில் கட்சி தன்பாட்டில் ஒரு தபால் சேவையே தொடங்கி முத்திரை விற்றது. 17ஆம் திகதி அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்களைப் பனாகொடை முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் அப்பா வேலைக்குப் போனார். வாசல் வெறுமையாக இருந்ததாம். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

உங்கள் வரிசையில் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக. இன்னும் பின்னுக்கும் போகலாம். 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் திருமலை (திருகோணமலை) மாநாட்டுக்கு ஊர் ஊராகச் சனம் கால்நடையாக வந்தது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தில் கறுப்புக்கொடி ஏற்றப் போன நடராசன் சுடப்பட்டு இறந்தது இந்த ஊரில்தான். உலகம் 1960ல் தொடங்கியதென்றால் நாங்கள் அதற்கு முதலே தொடங்கிவிட்டோம்.


சாம்பல்தீவு மாஸ்டர் எழுதியது:

கிளாக்கர் அண்ணை போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கோ. சட்டம் 1958, ஒழுங்குவிதி 1966. நீங்கள் தேடுகிற அடிக் காரணம் அந்த எட்டு வருச இடைவெளியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பட்டினியும் கொடுமையும் மட்டும் காரணம் என்றால் முப்பதுகளில்தான் உலகம் இப்படி வெடித்திருக்க வேண்டும். அறுபதுகளில் கிளம்பியவர்கள் கையில் ஒரு கடதாசி இருந்தது. தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த கடதாசி. அதைக் கொண்டுபோய் வாசலில் நீட்டினால் உள்ளே விடவில்லை.

கிரீன்ஸ்பரோவையே எடுங்கோ. பாடசாலைகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954ல். அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் அந்த நாலு பேர். வுல்வர்த் கடையில் நேரே கவுண்டருக்குப் போகவில்லை. முதலில் பற்பசை மாதிரிச் சின்னச் சாமான் வாங்கினார்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிறகுதான் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். இங்கே உங்களுக்குத் தருவதில்லை என்றதும் பற்றுச்சீட்டைக் காட்டி, இப்பதானே அந்தப் பக்கம் எங்கள் காசை வாங்கினீர்கள் என்றார்கள். கடதாசி நீட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான். ஜூலை 25 அன்று கடை இறங்கி வந்தபோது அந்தக் கவுண்டரில் முதலில் இருந்து சாப்பிட்டது அந்தக் கடையிலேயே வேலை செய்த கறுப்பினப் பெண்கள். தங்கள் கையால் பரிமாறிய சாப்பாட்டை அவர்கள் அங்கே இருந்து சாப்பிட அன்றுவரை அனுமதி இல்லை.

பிரான்சில் பல்கலைக்கழக மாணவர் தொகை 1960ல் ஏறக்குறைய 2 இலட்சம், 1968ல் 5 இலட்சம். படி படி என்று கூப்பிட்டுவிட்டு இருக்க வாங்கும் இல்லை, படித்து முடித்தால் வேலையும் இல்லை. இங்கே இலவசக் கல்வி 1945ல் இருந்து. சுயமொழியில் படித்து வெளியே வந்த சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உத்தியோகம் இல்லை. அந்தக் கோபம் 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியாக வெடித்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் கடதாசியில் எழுதியிருந்தது சோசலிசம். அதை மனித முகத்தோடு தாருங்கள் என்றார்கள், 1968 ஆகஸ்ட் 20 இரவு டாங்கி வந்தது. கோரிக்கைகள் ஒன்றுக்கொன்று நேரெதிர். ஆனால் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட அனுபவம் ஒன்றுதான்.

அப்புறம், "உட்காருவது" எங்கிருந்து போனது என்பதையும் சேருங்கோ. ஜேம்ஸ் லோசன் என்ற கறுப்பின மதபோதகர் ஐம்பதுகளில் மூன்று வருசம் நாக்பூரில் இருந்து காந்தியின் முறையைப் படித்தார். திரும்பிப் போய் நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். வகுப்பு என்றால் விரிவுரை இல்லை, ஒத்திகை. ஒரு பிள்ளை கதிரையில் இருக்கும், மற்றப் பிள்ளைகள் அதன் தலைமுடியைப் பிடித்து இழுத்து, சிகரெட் புகையை முகத்தில் ஊதி, கெட்ட வார்த்தையால் ஏசுவார்கள். கை ஓங்காமல் இருக்கப் பழக வேண்டும். 1959ல் மார்ட்டின் லூதர் கிங்கும் இந்தியா வந்து போனார். ஆக காந்தியிடம் இருந்து ஒரு கிளை கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது, இன்னொரு கிளை பாக்குநீரிணையைத் தாண்டி இங்கே வந்தது. உங்கள் அம்மாவும் நாஷ்வில் மாணவியும் ஒரே மரத்துப் பிள்ளைகள். வலிந்து செருகத் தேவையே இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். கறுப்பினப் பிள்ளைகள் காப்பிக் கவுண்டரில் இருந்த அதே பத்தாண்டில் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியார் வாங்கில் இருக்க முடியாது. அவர்களுக்கு வேறு பேணி, இல்லாவிட்டால் போத்தல். இங்கேயும் கடதாசி இருந்தது: சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1957. ஒன்பது வருசம் பார்த்துவிட்டு 1966 அக்டோபர் 21 சுன்னாகத்தில் ஊர்வலம் கிளம்பியது, பொலிஸ் அடித்தது. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். சங்கானைத் தேத்தண்ணிக் கடைகள், பிறகு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல். கூட்டத்தில் கிரீன்ஸ்பரோவைச் சொல்லிவிட்டு சங்கானையைச் சொல்லாமல் வந்தீர்கள் என்றால் நான் கோபிப்பேன்.


கோணைமண் எழுதியது:

மாஸ்டர் எப்போதும் இப்படித்தான். பொது எதிரிக்கு முன்னால் ஒற்றுமையாக இருந்த ஒரே காலத்தைப் பற்றிக் கேட்டால் அதிலும் சாதியைக் கொண்டுவந்து போடுவார். மாவிட்டபுரம் யாழ்ப்பாணத்துப் பிரச்சினை. திருமலைக்கு 1968 என்றால் கோணேசர் கோயில்தான். கோட்டைக்குள் இருக்கிற கோயில் சூழலைப் புனித நகராக்கலாமா என்று பார்க்க உள்ளூராட்சி அமைச்சர் திருச்செல்வம் ஒரு குழு போட்டார். பிக்கு ஒருவர் எதிர்த்ததும் பிரதமர் டட்லி சேனநாயக்க அதை நிறுத்தினார். திருச்செல்வம் பதவியை எறிந்தார், தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியே வந்தது. மாவட்ட சபை தருகிறோம் என்று டட்லி தமிழரசுக் கட்சியோடு செய்த 1965 ஒப்பந்தமும் அந்த வருசத்தோடு காற்றில் போனது. மாஸ்டரின் கடதாசிக் கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?


சாம்பல்தீவு மாஸ்டர் எழுதியது:

வேண்டாம், இது நல்ல உதாரணம். அதை மறுக்கவே இல்லை. அந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ என்றுதான் சொல்கிறேன். அதே 1968. இங்கே கோணேசர் கோயிலின் புனிதத்துக்காக அமைச்சர் பதவியையே எறிந்தோம். அங்கே கந்தசுவாமி கோயில் வாசலில் தமிழர் சிலர் உள்ளே போகக் கேட்டு இருந்தார்கள், தமிழர் சிலர் கையில் தடியோடு மறித்து நின்றார்கள். மறித்து நின்றவர்களுக்கு முன்னணியில் இருந்தவர் முன்னாள் அமைச்சர், ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம். உள்ளே விடக் கேட்டு நின்றது சண்முகதாசனின் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்த ஆட்கள். சத்தியாக்கிரகம் பழகிய கட்சிக்காரர்கள் அந்த வாசலில் எத்தனை பேர் போய் இருந்தார்கள்? கச்சேரி வாசலில் இருக்கத் தெரிந்த எங்களுக்குக் கோயில் வாசலில் இருக்க மனம் வரவில்லை.

"யாழ்ப்பாணத்துப் பிரச்சினை" என்று தள்ளுவதும் அமெரிக்காவில் வடக்கு மாநிலத்து வெள்ளையர்கள் சொன்னதுதான்: அது தெற்கின் பிரச்சினை. எங்கள் ஊரிலும் கிணறு பார்த்துத்தான் தண்ணி அள்ளினார்கள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.


மூதூர் நிஸா எழுதியது:

உவர்மலை அண்ணா, இதுவரை எழுதிய எல்லாரும் ஆம்பிளைகள்தான் என்று நினைக்கிறேன், அதனால் ஒரு விடயம் யாருக்கும் தட்டுப்படவில்லை. கச்சேரி வாசலில் உங்கள் அம்மா இருந்தா. அந்த வயதில் தனியாக வந்திருக்கமாட்டா, வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வந்திருப்பார்கள். வெயிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த பெண்களும் உண்டு. தலைவர்கள் பட்டியலில் எத்தனை பெண்கள் பெயர் வருகிறது? கேட்டுப் பாருங்கள்.

இதுவும் உலகம் முழுக்க ஒரே கதைதான். 1968 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியில், பிராங்பேர்ட்டில், இடதுசாரி மாணவர் சங்கத்தின் மாநாடு. ஹெல்கே சாண்டர் என்ற பெண் எழும்பி, தோழர்களே, நீங்கள் உலகப் புரட்சி பேசுகிறீர்கள், வீட்டில் பிள்ளை பார்ப்பது நாங்கள், இதையும் அரசியலாகப் பேசுங்கள் என்கிற பொருளில் பேசினார். மேடையில் இருந்த ஆண்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தார்கள். சபையில் இருந்த சீக்ரிட் ரூகர் என்ற மாணவி பையில் இருந்த தக்காளியை எடுத்து மேடையை நோக்கி வீசினார். அவர் அப்போது கர்ப்பிணி. தக்காளி சரியாகப் போய்ப் பட்டது. அந்த நாட்டின் பெண்கள் இயக்கத்துக்கு அந்தத் தக்காளியில் இருந்துதான் நாள் எண்ணுகிறார்கள்.

பிரான்சில் 1965 வரை மனைவி வேலைக்குப் போகக் கணவன் மறுப்புச் சொல்லலாம், சட்டமே அவன் பக்கம். 1968 மே மாதத்தில் தெருவில் கல் பெயர்த்த பையன்களுக்குப் பின்னால் துண்டுப்பிரசுரம் தட்டச்சு செய்தது, சாப்பாடு கட்டிக் கொடுத்தது யார் என்று பிறகுதான் அந்தப் பெண்களே எழுதினார்கள். ஆகவே மிஞ்சியது என்ன என்று கேட்டால், போராட்டக்காரர்களுக்கு எதிராகவே ஒரு போராட்டம் கிளம்பியது பாருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் நீண்ட நாள் நின்றது என்பேன். இங்கே 1960ல் உலகின் முதல் பெண் பிரதமர் வந்தார் என்று பெருமை அடிப்போம். அடுத்த வருசம் கச்சேரி வாசலுக்கு இராணுவத்தை அனுப்பியதும் அதே சிறிமாவோ அரசாங்கம்தான். கதிரையில் பெண் இருப்பது வேறு, பெண்களுக்கு இடம் கிடைப்பது வேறு.

அம்மாவிடம் அங்கே யாரோடு போனா, என்ன உடுத்திருந்தா, தண்ணி யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். கிளாக்கர் ஐயாவின் பேனா மாதிரி.


டொக்யாட் பேரன் எழுதியது:

மிஞ்சியது என்ன என்ற பாதியை ஒருவரும் சரியாகத் தொடவில்லையே. என் கருத்து கொஞ்சம் கசப்பானது: அந்தந்த நேரத்தில் பார்த்தால் பெரும்பாலும் எல்லாருமே தோற்றார்கள்.

பாரிஸைப் பாருங்கள். 1968 மே மாதம் மாணவரோடு தொழிலாளரும் சேர்ந்து ஒரு கோடிப் பேர் வரைக்கும் வேலைநிறுத்தம். நாடு நின்றுவிட்டது. 29ஆம் திகதி டி கோல் திடீரென்று காணாமல் போய்விட்டார். பிரதமர் பொம்பிடூவுக்கே ஆள் எங்கே என்று தெரியாது. ஹெலிகொப்டரில் மேற்கு ஜெர்மனியில் பாடன் பாடனில் இருந்த பிரெஞ்சுப் படைத்தளத்துக்குப் போயிருந்தார். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022 மே 10 மகிந்த ராஜபக்ச கொழும்பை விட்டு எங்கே வந்து இறங்கினார்? திருமலைக் கடற்படைத் தளத்துக்கு. கேற்றடியில் சனம் கூடி நின்றது நினைவிருக்கும். நானும் போய் எட்டிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் அந்த டொக்யாட்டில் வேலை செய்தவர், 1957ல் அதை இலங்கையிடம் கொடுக்கும்வரை. 1953 ஹர்த்தாலிலும் இதே கூத்துத்தான். அரிசி விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக்கியதும் நாடு கொதித்தது, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி இருந்து கூட்டம் நடத்தியது.

டி கோல் மறுநாள் திரும்பி வந்தார், வானொலியில் பேசினார், தேர்தல் வைத்தார், ஜூன் மாதம் அவர் கட்சி அமோகமாக வென்றது. மாணவர்கள் கடற்கரைக்கு விடுமுறை போனார்கள். ஆனால் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 35 வீதம் கூடியிருந்தது, அடுத்த வருசம் ஏப்ரலில் ஒரு வாக்கெடுப்பில் தோற்று டி கோலும் வீட்டுக்குப் போனார். மெக்சிக்கோவில் ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, அக்டோபர் 2, திலாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். செத்தவர் தொகை அரசாங்கத்துக்கு ஒன்று, சனத்துக்கு ஒன்று. விளையாட்டுப் போட்டி குறித்த நாளில் நடந்தது. பிராக் இருபது வருசம் காத்திருந்தது. அமெரிக்காவில் 1964ல் சிவில் உரிமைச் சட்டமும் 1965ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன, 18 வயதுக்கு வாக்குரிமை 1971ல் வந்தது (அந்த விடயத்தில் நாங்கள் முந்தி, இங்கே 1959ல்), ஆனால் வியட்நாம் போர் 1975 வரை இழுபட்டது, அதற்குள் கிங்கைக் கொன்றுவிட்டார்கள்.

உண்மையாகவே ஆளை இறக்கியது பாகிஸ்தான்தான். மாணவரும் தொழிலாளரும் கிளம்பி 1969 மார்ச்சில் அயூப் கானை இறக்கினார்கள். இறக்கி என்ன, இன்னொரு ஜெனரல் வந்தார், ரெண்டு வருசத்தில் நாடு ரெண்டாகியது. இந்த ஒன்றைப் பாரிஸ் பைத்தியங்கள் யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் எனக்கு வேடிக்கையாக இருப்பது இது. மாஸ்டர் சொன்ன அதே சண்முகதாசன் கட்சியில் இருந்து பிரிந்து போய் 1965ல் விஜேவீர தொடங்கியதுதான் ஜே.வி.பி. ஒரே கட்சி ஒரு பக்கம் மாவிட்டபுரம் வாசலில் நின்றது. அதில் இருந்து போன பெடியள் ஐந்து அரசியல் வகுப்பு எடுத்து ஆள் சேர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். அந்த ஐந்து வகுப்பில் ஒன்று "இந்திய விஸ்தரிப்புவாதம்", மலையகத் தமிழர்மேல் சந்தேகம். 1971ல் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், எண்பதுகளின் முடிவில் இன்னும் எத்தனையோ பேர். 2024ல் அதே கட்சி தேர்தலில் நின்று ஜனாதிபதிப் பதவியையும், கூட்டணியாக 225ல் 159 ஆசனத்தையும் எடுத்தது. அறுபதுகளின் குழந்தை ஒன்று இந்த நாட்டை இப்போது ஆளுகிறது ஐயா. இதை விட்டுவிட்டு உட்ஸ்டொக், ஹிப்பி முடி என்று கதைத்தீர்கள் என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள்.


கோணைமண் எழுதியது:

கிணறு பற்றி மாஸ்டர் சொன்னதுக்கு இரவு முழுக்கப் பதில் யோசித்தேன். எங்கள் பெரியம்மா வீட்டுக் கிணற்றுக்கு ரெண்டு வாளி இருந்தது. ஒன்று கிணற்றுக்கட்டில், மற்றது வேலியில். வேலியில் தொங்கிய வாளியில் நாங்கள் தொடவே மாட்டோம். ஏன் என்று கேட்டதே இல்லை. சரி, விடுவம். மாவட்ட சபைக் கதையை விடாமல் சொல்லுங்கோ தம்பி, அதுவும் முக்கியம்.


உவர்மலையான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்போது பத்து நிமிடம் இல்லை, ரெண்டு மணித்தியாலம் வரும்போல் இருக்கிறது. தலைப்பைக் குறைத்துவிட்டேன்: "கடதாசியும் வாசலும், 1956 முதல் 1971 வரை". கிரீன்ஸ்பரோ, கச்சேரி, சங்கானை, இந்த மூன்றையும் விரிவாக, பாரிஸ் பாடன் பாடனோடு சரி, பாகிஸ்தானை மறக்கமாட்டேன்.

நிஸா தங்கச்சி சொன்ன மாதிரி அம்மாவிடம் கேட்டேன். பெரியம்மாவோடும் பக்கத்து வீட்டு ரெண்டு பேரோடும் போனாவாம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடுதான் போனது, ஏனென்றால் வீட்டில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது. அறுபத்து நாலு வருசம் கழித்து இப்பத்தான் சொல்கிறா. சின்னப் பனையோலை விசிறி ஒன்று கொண்டுபோனாவாம், அதைப் பக்கத்தில் இருந்த கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டாவாம். தண்ணி? மோர் கொண்டுவந்து கொடுத்தார்களாம், ஒரே செம்பு, எல்லாரும் அண்ணாந்து குடித்தது. "எல்லாருமோ?" என்று கேட்டேன். மாஸ்டருக்காகத்தான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "கடைசி வரிசைக்கு வேறொரு செம்பு வந்தது" என்றா.

வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணி, என் வீட்டு விறாந்தை. கதிரை காணாது, இயலுமானவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள். தேத்தண்ணி இருக்கும்.


மூதூர் நிஸா எழுதியது:

வருகிறேன். தேத்தண்ணி யார் போடுவது?


உவர்மலையான் எழுதியது:

நான்தான். தக்காளியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.